ஏழாந்தேதி சம்பளம், ரெண்டாந்தேதி தவணை

போன மாதம் ஒரு நிதி விழிப்புணர்வு முகாமுக்கு உதவி செய்யப் போயிருந்தேன். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று தன் சிஎஸ்ஆர் பணத்தில், அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் பணத்தில், நடத்தியது. பேனர், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு நோட்டும் பேனாவும், நோட்டின் அட்டையில் நிறுவனத்தின் முத்திரை. பேச வந்தவர் நல்ல மனிதர். வரவு செலவு எழுதுங்கள், சிறுகச் சிறுகச் சேமியுங்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். கேள்வி ஏதாவது உண்டா என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

கூட்டம் கலையும்போது, ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா என்னிடம் வந்து ஃபோனை நீட்டினார். அதே நிறுவனத்தில் கடன் வாங்கியவர்.

"தம்பி, எனக்குச் சம்பளம் ஏழாந்தேதிதான் ஏறுது. இவங்க ரெண்டாந்தேதியே தவணை எடுக்க வந்துடறாங்க. காசு இல்லன்னு அபராதம். தேதியை மட்டும் மாத்திக் குடுப்பாங்களா, கேட்டுச் சொல்றியா?"

எஸ்எம்எஸ்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மாதாமாதம் ஒரே கதை. இரண்டாம் தேதி காலையில் தவணையைத் தானாகவே எடுக்கும் ஆட்டோ டெபிட் வருகிறது, கணக்கில் பணம் இல்லை, பவுன்ஸ். கடன் கொடுத்தவர்கள் அதற்கு ஒரு கட்டணம் போடுகிறார்கள். பேங்க் தன் பங்குக்கு ஒன்று பிடிக்கிறது, அதன் தலையில் வரி வேறு. ஐந்தாம் தேதி மறுபடி ஒரு முயற்சி, மறுபடி பவுன்ஸ். ஏழாம் தேதி சம்பளம் விழுந்ததும் இதெல்லாம் கழிந்து, அப்புறம்தான் தவணை. அவர் ஒரு தவணையைக்கூட ஏமாற்றியதில்லை. ஐந்து நாள் தள்ளிக் கட்டுகிறார், அவ்வளவுதான். எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்று பாஸ்புக்கைப் பார்க்காமலே சொல்கிறார். இவருக்குத்தான் வரவு செலவு எழுத நோட்டு கொடுத்திருக்கிறோம்.

இந்தியாவில் சிஎஸ்ஆர் என்பது சட்டம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகரச் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கூடவே ஒரு விதி உண்டு: வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வது சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. விதி நியாயமானதுதான். இல்லாவிட்டால் ஆளாளுக்கு வியாபாரத்தையே தர்மமாக எழுதிக் காட்டிவிடுவார்கள். ஆனால் அதன் நிழலில் ஒரு மனப்பான்மை வளர்ந்துவிட்டது. பொறுப்பு என்றால் சிஎஸ்ஆர் துறையின் வேலை, வசூல் துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று. 98 சதவீதத்தை எப்படிச் சம்பாதித்தோம் என்று கேட்க சிஎஸ்ஆர் அறிக்கையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

எல்லாரையும் வங்கிச் சேவைக்குள் கொண்டுவருவதைக் குறிக்கும் நிதி உள்ளடக்கம் என்ற சொல்லையும் நாம் கணக்குத் திறப்பதோடு சுருக்கிவிட்டோம். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. உலக வங்கியின் ஃபின்டெக்ஸ் ஆய்வின்படி 2011இல் உலகில் வயது வந்தோரில் 51 சதவீதம் பேருக்குத்தான் கணக்கு இருந்தது. 2021இல் அது 76 சதவீதம். 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் 2023க்குள் 50 கோடிக் கணக்குகள். இடைத்தரகர் கைக்குப் போகாமல் கூலியும் உதவித்தொகையும் நேராக வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வாங்குகிறவருக்குத்தான் தெரியும். ஆனால் அதே 2021 ஆய்வு இன்னொன்றும் சொன்னது: இந்தியாவில் கணக்கு வைத்திருப்பவர்களில் 35 சதவீதம் பேரின் கணக்கு ஓராண்டாக அசையவே இல்லை. தூரம், நம்பிக்கை, பழக்கம் என்று காரணம் பல. போட்ட பணம் ஏன் குறைந்தது என்று புரியாமல் ஒதுங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஃபோன் வழியாகப் பணம் அனுப்பும் கென்யாவின் எம்-பெசா இந்தப் பேச்சில் வராமல் இருக்காது. பிரிட்டன் அரசின் உதவிப் பணமும் வோடபோன் போட்ட பணமும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. முதலில் சிறுகடன் தவணையை ஃபோன் வழியாகக் கட்டவைப்பதுதான் திட்டம். சோதனைக்கு எடுத்துக்கொண்டவர்களோ அதை வைத்து ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப ஆரம்பித்தார்கள். திட்டம் போட்டவர்கள் அதைத் தடுக்காமல், மக்கள் போன வழியிலேயே போய் 2007இல் பணம் அனுப்பும் சேவையாகவே வெளியிட்டார்கள். 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீள அது உதவியது என்று 2016இல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது. இத்தனைக்கும் எம்-பெசா இலவசம் இல்லை. ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு. அது என்ன என்று முன்பே தெரியும், அதனால் யாருக்கும் வயிறு எரிவதில்லை.

மறுபக்கம் மெக்சிகோவில் சிறுகடன் கொடுக்கும் காம்பார்டமோஸ். 1990இல் தொண்டு நிறுவனமாகப் பிறந்து வங்கியாகி, 2007இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்போது ஏழைப் பெண்களிடம் வாங்கிய வட்டி ஆண்டுக்கு 80 சதவீதத்துக்கும் மேல். சிறுகடன் பற்றி ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தபோது, நன்மை கொஞ்சம் உண்டு, வாழ்க்கையே மாறிவிடுவதில்லை என்றுதான் சொன்னன.

சரி, கடன் கொடுப்பவர் தர்மசத்திரமா நடத்துகிறார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சின்னக் கடனைக் கொடுத்து வசூலிக்க ஆகும் செலவு அதிகம், அதனால் வட்டியும் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பளம் வருவதற்கு ஐந்து நாள் முன்னால் கையை நீட்டிவிட்டு, காசு இல்லை என்று அபராதம் போடுவது எந்தச் செலவில் சேரும்? தாமத அபராதம் கடன் ஒழுங்குக்காகவே, வருமானம் பெருக்கும் வழியாகக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே 2023 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை விடுமளவுக்கு அது வருமானமாகிப் போயிருந்தது என்றுதானே அர்த்தம்?

இதற்கு பேனரோ நோட்டோ வேண்டாம். கடன் விண்ணப்பத்தில் 'சம்பளம் எந்தத் தேதி வரும்?' என்று ஒரு வரி போதும். பவுன்ஸ் குறைந்தால் நிறுவனத்துக்கும் அலைச்சல் மிச்சம். பின் ஏன் செய்வதில்லை? எல்லாருக்கும் ஒரே தேதி வைத்தால் அலுவலகத்துக்கு வசதி. அப்புறம், பவுன்ஸ் கட்டணமும் ஒரு வரவுதான். இது என் ஊகம். தப்பு என்றால் அந்தத் துறையில் இருப்பவர்கள் திருத்துங்கள்.

முகாம் நடத்தியவர்களிடம் அந்த அக்காவின் கேள்வியைக் கொண்டுபோனேன். "அது கலெக்‌ஷன் டிபார்ட்மென்ட், எங்களுக்கு வராது" என்றார்கள், உண்மையான வருத்தத்தோடுதான். கஸ்டமர் கேருக்கு இரண்டு மெயில் போட்டிருக்கிறேன், புகார் எண் மட்டும் வந்திருக்கிறது.

கடன் நிறுவனங்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் என் நட்புப் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடத்தில் நடுவில் தவணைத் தேதியை மாற்ற முடியுமா, யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். அக்காவுக்கு இன்னும் பதினோரு தவணை பாக்கி.