கடைசிக் குடம்

ஞாயிறு மாலை எங்கள் தண்டையார்பேட்டைப் படிப்பகத்தில் நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. இதற்குள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடம் எழுதி வாங்கிய வெர்சாய் ஒப்பந்தம் தப்பு என்று பேசினேன், அவ்வளவுதான். "ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனிக்கு வக்காலத்தா?" என்று தோழர் கேட்டதும் கைதட்டல் வேறு. தட்டிய கைகளில் இரண்டு என் வீட்டு வஞ்சிரக் குழம்பை ருசி பார்த்தவை. சரி, விடுங்கள்.

நான் சொன்னது ஒன்றுதான். தோற்றவனைக் கூனிக் குறுக வைத்து எழுதும் ஒப்பந்தம், அடுத்த சண்டைக்கான முன்பணம். 1871இல் பிரான்சை வென்ற ஜெர்மானியர்கள் வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் தங்கள் பேரரசை அறிவித்தார்கள். 1919 ஜூன் 28 அன்று அதே மண்டபத்தில்தான் ஜெர்மனியிடம் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, "போடு" என்றார்கள். 1921இல் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு. 1918இல் ஜெர்மனி போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட ரயில் பெட்டியை, 1940இல் ஹிட்லர் அருங்காட்சியகத்திலிருந்து இழுத்துவரச் செய்து, அதற்குள்ளேயே பிரான்சைக் கையெழுத்திட வைத்தான். மண்டபத்துக்கு மண்டபம், பெட்டிக்குப் பெட்டி!

"அப்படியானால் ஹிட்லர் செய்தது சரியா?" இல்லை ஐயா, இல்லை. ஜெர்மனி இழப்பீட்டை முழுதாகக் கட்டவில்லை என்பதும் தெரியும். பெல்ஜியத்தை நாசமாக்கியதும் தெரியும். பணமா இப்போது பேச்சு?

எனக்கு ஒன்பது வயதில் எங்கள் சந்தின் அடிபம்பில் ஒரு சண்டை. தப்பு அம்மாவுடையதுதான், எதிர்வீட்டுக்காரியின் பித்தளைக் குடத்தை உதைத்து நசுக்கிவிட்டாள். பெரியவர்கள் கூடி, பத்து ரூபாய் அபராதம், ஒரு வருடம் வரிசையில் கடைசி இடம் என்றார்கள். பத்து ரூபாயை அம்மா அன்றே மறந்துவிட்டாள். வீட்டுக்குள் குழாய் வந்து பல வருடங்கள் ஆன பிறகும், குடம் நிரம்பும்போதெல்லாம் "கடைசிக் குடம் நிரம்பியாகிவிட்டது" என்பாள். எதிர்வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உறையைக் கூடப் பிரிக்கவில்லை. அந்த வீட்டுப் பையனோடு நான் பேசியதே கல்லூரிக்குப் போன பிறகுதான்.

ஜப்பான் குண்டு விழும் என்று 1942இல் இந்த ஊரே மூட்டை கட்டி ஓடியது. 1952இல் ஜப்பானுடன் தனியாக ஒப்பந்தம் செய்துகொண்ட இந்தியா, இழப்பீடே வேண்டாம் என்றது. நேருவையும் ஜப்பானுக்கு வக்காலத்து என்பீர்களா? சொல்லுங்கள், தோழர். அதற்கும் கைதட்ட ஆள் இருக்கிறது.

இன்று காலை படிப்பகத்திலிருந்து செய்தி. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தால்தான் இனி எனக்கு மேடையாம். வருத்தத்தின் வாசகத்தையும் அவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கீழே என் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். போடப் போவதில்லை.