எங்கே கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள், கட்டுகிறோம்

தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை அனுமதியில்லாமல் வகுப்பில் போட்டேன் என்று விளக்கம் கேட்டு, விரிவுரையாளரான எனக்கு ஒரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமையில் இருந்து எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று இரவு ஒருவர் என் பக்கத்தில் வந்து, "படிப்பிக்கிற ஆளே களவெடுத்தால் பிள்ளைகள் என்ன செய்யும்?" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். களவு என்ற அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை.

ஒன்பது நிமிடம். நாட்டுக்கூத்து பற்றிய பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இருந்து ஒன்பது நிமிடத்தை வகுப்பில் போட்டேன். அன்று வராத பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று மூடில் என்ற எங்கள் பாட இணையத்தளத்தில் ஏற்றினேன். கடவுச்சொல் இல்லாமல் வெளியாள் ஒருவரும் அதைத் திறக்க முடியாது. இதற்குத்தான் அந்தக் கடிதம், இதற்குத்தான் திங்கட்கிழமைக்குள் விளக்கம்.

அனுமதி கேட்காமல் போட்டேன் என்று நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். கேட்டேன். அந்தத் தொலைக்காட்சி நிலையத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. தொலைபேசியில் எடுத்தால் ஒரு பகுதியில் இருந்து இன்னொரு பகுதிக்கு மாற்றி, கடைசியில் விளம்பரம் விற்கிற பகுதியில் விட்டார்கள். "எத்தனை செக்கன், எந்தப் பொருளுக்கு?" என்று கேட்டார் அந்தப் பிள்ளை. வகுப்புக்கு என்றேன். அப்படி ஒரு கட்டணம் தங்களிடம் இல்லை என்றார். அவரில் எனக்குக் கோபமே இல்லை. இல்லாத ஒன்றை அவர் எங்கே இருந்து எடுத்துத் தருவார்?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். உரிமம் வேண்டும் என்கிறீர்களா, சரி, தாருங்கள். எங்கே கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள், கட்டுகிறோம். ரிக்கற் விற்கிற யன்னலே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு ரிக்கற் இல்லாமல் வந்தாய் என்று பிடிப்பது நியாயமே இல்லை.

பிரித்தானியாவில் இதற்கு வழி செய்து எத்தனையோ வருசமாகிவிட்டது. 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்கள் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிந்து படிப்பிக்க இடம் தருகிறது. உரிமத் திட்டம் இருந்தால் அதில் சேர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஈ.ஆர்.ஏ. என்ற அமைப்பு அந்த உரிமத்தைக் கொடுக்கிறது. பிபிசி, ஐடிவி, சானல் 4 எல்லாம் அதில் இருக்கின்றன. மாணவர் தொகையைக் கணக்கெடுத்து நிறுவனம் வருசத்துக்கு ஒருமுறை பணம் கட்டுகிறது. விரிவுரையாளர் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கத் தேவையில்லை. 2014இல் சட்டத்தைத் திருத்தி, வளாகத்துக்கு வெளியே இருந்து படிக்கிற மாணவரும் பாதுகாப்பான வலையமைப்பு வழியாகப் பார்க்கலாம் என்று ஆக்கினார்கள். நான் மூடிலில் செய்தது அதைத்தான். அங்கே படிப்பிக்கிற என் பழைய மாணவி ஒருத்தி ஒளிபரப்பான நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைத்திருக்கும் 'பொக்ஸ் ஒவ் புரோட்காஸ்ட்ஸ்' தளத்தில் தனக்கு வேண்டிய துண்டை வெட்டி, அடுத்த நாள் வகுப்பில் போடுகிறாள். அவளுக்கு ஒருவரும் கடிதம் அனுப்புவதில்லை.

"இலங்கைச் சட்டமே கற்பித்தலுக்கு இடம் தருகிறதே, பிறகேன் இந்தச் சத்தம்?" என்று கேட்பீர்கள். தருகிறதுதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பிரிவு 11, நியாயமான பயன்பாட்டில் கற்பித்தலையும் சேர்த்திருக்கிறது. வகுப்பறைக்குப் பல பிரதி எடுப்பது கூட அதில் உண்டு. ஆனால் எது நியாயம்? என்ன நோக்கம், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதன் சந்தைக்கு என்ன பாதிப்பு என்று நாலையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவு. அதை நீதிமன்றம் பிறகு சொல்லும். முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. நிரந்தர நியமனம் இல்லாத ஒரு ஆள் நீதிமன்றப் படி ஏறுமா? ஒரு கடிதம் வந்தாலே முழுத் துறையும் நடுங்குகிறது.

"கலைஞர்களின் உழைப்பு?" என்கிறார்கள். அதற்காகத்தானே கட்டுகிறோம் என்கிறேன்! "யூடியூப்பில் இருப்பதைப் போடலாமே?" என்றார் ஒருவர். யாரோ அனுமதியில்லாமல் ஏற்றியதை நான் போட்டால் மட்டும் சரியாகிவிடுமா? போங்கோ.

களவு என்ற சொல் ஏன் இவ்வளவு சுடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 90களில் போர்க்காலம்; இங்கே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் வயர் கொடுத்து வானொலி நாடகங்களைக் கசற்றில் பதிவார். மிதிகட்டையைக் கையால் சுற்றுவது என் வேலை. கை ஓய்ந்தால் கசற் மெதுவாக ஓடும். பிறகு போட்டுக் கேட்கும்போது அந்த இடங்களில் கதாநாயகன் குருவி மாதிரிக் கீச்சிடுவான். அதில் ஒரு நாடகத்தைப் படிப்பிக்க ஆசைப்பட்டு நல்ல பிரதி இருக்கிறதா என்று உரியவர்களைக் கேட்டேன். தங்களிடம் பிரதியே இல்லை என்றார்கள். எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது, அப்பாவின் கையெழுத்தில் திகதியோடு. அவர்கள் தொலைத்ததை நாங்கள் வைத்திருந்தோம். எங்களையா கள்ளர் என்கிறீர்கள்?

விளக்கக் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். மன்னிப்பு அதில் இல்லை. படிவம் எங்கே, கட்டணம் எவ்வளவு, யாரிடம் கட்ட வேண்டும் என்ற மூன்று கேள்விதான் இருக்கிறது.

அன்று வகுப்பு முடிந்ததும் பாஷையூர்ப் பிள்ளை ஒருத்தி போகாமல் நின்றாள். நாலாவது நிமிடத்தில் மத்தளம் அடிப்பவர் தன்னுடைய அப்பப்பா என்றாள். அவர் செத்த பிறகு பிறந்தவளாம், அவர் அசைவதைப் பார்த்தது இதுதான் முதல் தடவையாம். அப்பம்மாவுக்குக் காட்ட ஒரு பிரதி கேட்டுப் பென்டிரைவை நீட்டினாள். நாளைக்குத் தாறன் என்றேன். அடுத்த நாள்தான் அந்தக் கடிதம் வந்தது. பென்டிரைவ் இன்னும் என் மேசையில் இருக்கிறது.