'வாங்கு' என்று எழுதிவிட்டு வாடகைக்கு விட்டவர்கள்

முந்தாநாள் நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். முதலிலிருந்து சொல்லப் போவதில்லை, சுருக்கமாக இதுதான்: பல வருஷத்துக்கு முன் மகளுக்காக இணையத்தில் பத்து டாலர் கொடுத்து வாங்கிய கார்ட்டூன் படம் இப்போது என் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது. "பத்து டாலர் படத்துக்கு இவ்வளவு புலம்பலா?" என்று நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரச்சினை பத்து டாலர் இல்லை. படம் வாங்கிய தளத்தில் பொத்தானில் இருந்த சொல். 'வாடகை' என்று ஒரு பொத்தான், பக்கத்திலேயே 'வாங்கு' என்று ஒரு பொத்தான். வாங்குவதற்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலை. அந்த மூன்று மடங்கைத்தான் கொடுத்தேன். எதற்கு? படம் என்னிடமே இருக்கும் என்பதற்காக. வேறு எதற்கும் இல்லை.

2002 நவம்பரில் ஹாலிவுட்டின் ஐந்து ஸ்டுடியோக்கள் சேர்ந்து, இணையத்திலிருந்து படத்தை இறக்கிப் பார்க்கும் மூவிலிங்க் என்ற சேவையைத் தொடங்கியபோது வாடகை மட்டும்தான். இறக்கிவைத்தால் 30 நாள் கணினியில் இருக்கும். பார்க்க ஆரம்பித்துவிட்டால் 24 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். கெடுபிடிதான், ஆனால் வாடகை என்று சொல்லி வாடகைக்குக் கொடுத்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊர் கேசட் கடையிலும் அப்படித்தான். சனிக்கிழமை சாயங்காலம் டெக்கும் மூன்று கேசட்டும் எடுத்து வருவோம். திருப்பித் தர ஒரு நாள் தாமதமானால் அப்பா இன்னொரு நாள் வாடகையைக் கட்டிவிடுவார். அதே கடையில் அப்பா ஒரு கேசட்டை விலைக்கும் வாங்கினார். கடைக்காரர் கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போனபோது எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.

2006 ஏப்ரலில் அதே மூவிலிங்க் படங்களை விற்கவும் ஆரம்பித்தது. புதுப் படம் 20 முதல் 30 டாலர். அதை வட்டில் எழுதி வைத்துக்கொண்டாலும் வீட்டு டிவிடி பிளேயரில் ஓடாது, கணினியில் மட்டும்தான் ஓடும். அப்போதே நமக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் ஆகஸ்டில் கூகுள் வீடியோ தன் பட விற்பனையை மூடியது. காசு கொடுத்து வாங்கிய படங்களும் ஆகஸ்ட் 15க்குப் பிறகு ஓடாது என்று அறிவித்தார்கள். முதலில் தங்கள் செக்அவுட் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவையில் செலவழிக்க வரவு தருவதாகத்தான் சொன்னார்கள். ஆட்கள் கொதித்த பிறகுதான் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். படம் ஓடுவதற்கு அவர்களுடைய சர்வர் 'சரி' சொல்ல வேண்டும். சர்வரை நிறுத்தினால் வாங்கினவன் கையில் ஒன்றுமில்லை. இதற்குப் பெயர் விற்பனையா?

"ஒப்பந்தத்தில் போட்டிருந்ததே, படிக்காமல் டிக் அடித்தது உன் தப்பு" என்கிறார்கள். சரி, படிக்கவில்லை. சொன்னவர்களில் யார் படித்தீர்கள்? பெரிய எழுத்தில் 'வாங்கு' என்று போட்டுவிட்டு, எங்கோ உள்ளே பொடி எழுத்தில் 'இது உரிமம் மட்டும், எப்போது வேண்டுமானாலும் விலக்கிக்கொள்வோம்' என்று எழுதி வைத்தால், தப்பு படிக்காதவன் மேலா? இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக் கூடாது என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. நான் ஒருத்தன் மட்டும் புலம்புகிற விஷயமாக இருந்தால் அது சட்டசபை வரை போயிருக்குமா?

"கேசட்டிலும்தான் பூஞ்சை பிடிக்கும்." பிடிக்கட்டும். என் வீட்டில், என் கேசட்டில் பிடிக்கட்டும். "மாதச் சந்தா கட்டிப் பார்க்க வேண்டியதுதானே." அது வேறு பேச்சு. சந்தாவை யாரும் விற்பனை என்று சொல்லவில்லை.

என்னை நோகடித்தது இதெல்லாம்கூட இல்லை. 2008இல் நாங்கள் நியூ ஜெர்சியில் இருந்தோம். மளிகை வாங்கப் போன இடத்திலேயே திருட்டு டிவிடி கிடைத்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. அடுத்தவன் உழைப்பு என்று மனைவியிடம் சண்டைகூடப் போட்டேன். மகளுக்கு அப்போது மூன்று வயது. அந்தக் கார்ட்டூன் படம் ஓடினால்தான் ராத்திரி இரண்டு வாய் தயிர்சாதம் உள்ளே இறங்கும். ஒரு வருஷம் தினமும் ஓடியது. கல்லூரி விடுமுறைக்கு வந்தவள் போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, "அப்பா, அந்தப் படத்தைப் போடுப்பா" என்றாள். தேடினேன். பட்டியலில் பெயரே இல்லை. கேட்டு எழுதினால், உரிமைதாரரோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், ஐந்து டாலர் வரவு வைக்கிறார்களாம்.

அன்று எங்களோடு வந்து திருட்டு டிவிடி வாங்கியவன் வீட்டில் அதே படம் இன்றைக்கும் ஓடுகிறது. காசு கொடுத்த என்னிடம் இல்லை. குழுவில் சிரித்த நாலு பேரில் அவனும் ஒருவன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று ராத்திரி அவனே தனியாக மெசேஜ் போட்டான், "பென்டிரைவில் போட்டுத் தரட்டுமா?" என்று. இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கிளம்புகிறாள்.