பிளாங்க் பழுது இல்லை, தம்பி

"பிளாங்க் செயற்கைக்கோளின் கருவி பழுது, அதனால்தான் அண்டத்தின் விரிவு வேகம் 73-க்குப் பதிலா 67 வருது, கதை முடிஞ்சது" என்று எழுதியிருக்கீங்க தம்பி. முடியவில்லை. 73 என்பது பக்கத்து விண்மீன் மண்டலங்களை வைத்து அளந்தது, 67 என்பது பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியை வைத்துக் கணித்தது. சிலி நாட்டில் தரையில் இருக்கும் அட்டகாமா தொலைநோக்கி அதே ஒளியைத் தனியாக அளந்து 2020-இல் 67.9 என்றது.

நாங்கள் மண்டபத்துக்காரர்கள், கடலில் தெரியும் வள்ளம் எவ்வளவு தூரம் என்று கணிக்க அதன் நீளம் தெரியணும், நுண்ணலைப் பின்னணியிலும் அப்படித்தான், ஆதி அண்டத்தில் ஒலியலை ஓடிய தூரம்தான் அந்த வள்ளம், அதன் நீளம் நேரடி அளவு இல்லை, அண்டம் பற்றிய கோட்பாட்டு மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. தொடக்கத்தில் கூடுதலாக இருள் ஆற்றல் (அண்டத்தின் விரிவைத் தள்ளுவது) இருந்திருந்தால் வள்ளம் குட்டை, வேகம் 73 பக்கம் ஏறும். சரி, அப்படியென்றால் பின்னணி ஒளியின் துருவமுனைப்பிலும் (ஒளியலை அதிரும் திசையிலும்) தடம் இருக்கணுமே? 2025-இல் வந்த அட்டகாமா தரவில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.