கை வைப்பதற்கு முன் எழுத வேண்டிய தாள்

மோட்டார் சைக்கிளைத் தம் விருப்பப்படி வீட்டிலேயே மாற்றியமைக்க நினைப்பவர்களில் பெரும்பாலோர், வேலை முடிந்த வண்டி எப்படித் தோன்ற வேண்டும் என்ற படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தப் படம் ஆசைதானே தவிரத் திட்டம் ஆகாது. எந்தப் பாகத்தில் கை வைத்தால் வேறு எவையெல்லாம் கூடவே மாற வேண்டியிருக்கும் என்று எழுதிப் பார்ப்பதையே நான் திட்டம் என்பேன்.

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்பதற்காக ஒருமுறை உயரமான ஹேண்டில்பார் பொருத்தினேன். குழாயின் விட்டம் 22 மில்லிமீட்டர், பழைய கிளாம்புக்குள் சரியாக உட்கார்ந்துவிடும் என்பதை மட்டுமே பார்த்திருந்தேன். வண்டியைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஹேண்டிலை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடித்தபோது, நான் முறுக்காமலேயே இன்ஜின் சீறியது. ஆக்சிலரேட்டர் கேபிளின் நீளம் போதாமல், ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் அது இழுபட்டுக்கொண்டிருந்தது. முன் பிரேக்கின் ஹோஸும் விறைத்து நின்றது. நீளமான கேபிள், நீளமான ஹோஸ், புதிய பிரேக் ஆயில், அதிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலை என்று ஒரு குழாய் தன் பின்னால் நான்கு வேலைகளை அழைத்து வந்தது. இதை ஒரு வளைவில் கண்டுபிடிக்காமல் வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்தது என் திறமையன்று, அதிர்ஷ்டம்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டுவது இன்னும் நுட்பமான விஷயம். காற்று தாராளமாக உள்ளே போகும். ஆனால் பெட்டியின் அளவுக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜெட், அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு பாகம், அதே துளையோடுதான் இருக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும், ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்துவிடும். சைலன்சரையும் சேர்த்து மாற்றினால் குறை மேலும் கூடும். பெரிய ஜெட்டைப் போட்டுப் பார்த்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்து, மறுபடியும் மாற்றிப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் தொடாமல் இருப்பதே நல்லது. சத்தம் கூடியதைச் சக்தி கூடியதாக எண்ணிக்கொள்வதில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

செயின் ஓடும் பல்சக்கரங்களான ஸ்பிராக்கெட்டுகளின் கணக்கு எளிது. முன்னால் 15, பின்னால் 45 பற்கள் என்றால் விகிதம் 3. முன்னால் ஒரு பல்லைக் குறைத்தால் அது ஏறத்தாழ 3.21 ஆகும். இழுவை கூடும், அதே வேகத்தில் இன்ஜின் அதிகமாகச் சுற்றும்.

வயரிங்கில்தான் பலர் கணக்கே போடுவதில்லை. 12 வோல்ட் வண்டியில் 55 வாட் விளக்குகள் இரண்டைக் கூடுதலாகப் பொருத்தினால், அவை மட்டும் 9 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். அவ்வளவு மின்சாரத்தை ஹேண்டிலில் உள்ள சிறிய சுவிட்ச் வழியாக அனுப்பினால் சுவிட்ச் கருகும்; சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ரிலேயும் தனி ஃபியூஸும் கட்டாயம் வேண்டும். அப்படிப் போட்டாலும், ஐடிலிங்கில், அதாவது முறுக்காமல் இன்ஜின் மெல்ல ஓடும்போது, வண்டி உற்பத்தி செய்யும் மின்சாரம் போதாவிட்டால் பேட்டரி மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். இண்டிகேட்டர்களை எல்இடி ஆக்கியதும் அவை படபடவென்று அடித்துக்கொள்வதற்கும் காரணம் மின்சாரக் கணக்குதான்: குறைந்த மின்சாரம் ஓடுவதை, பல்பு ஒன்று போய்விட்டதாகப் இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய ஃபிளாஷர் எடுத்துக்கொள்கிறது.

வண்டியின் உயரத்தில் கை வைப்பதை நான் எவருக்கும் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மேலே ஏற்றிக் கட்டி முன்பக்கத்தைத் தாழ்த்தினாலும், பின்பக்கத்தில் நீளமான ஷாக் அப்சார்பர் போட்டாலும் ஃபோர்க்கின் சாய்வு குறைகிறது. வண்டி சட்டென்று திரும்பும். ஆனால் வேகத்தில் நேராக நிற்கும் குணத்தை இழக்கும்.

இப்போது என் தாளில் மீதியிருப்பது சீட் மட்டும். அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்ததில் வடிவம் பிடித்திருக்கிறது. ஆயினும் பின் ஷாக்குகளின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை அதன் உச்சி வரை தூக்கி, டயர் சீட்டின் அடியில் எங்கே வந்து இடிக்கிறது என்று அளக்கும் வேலை பாக்கியுள்ளது. அதுவரை சீட்டுக்காக ஃபிரேமில் ரம்பம் வைப்பதாக இல்லை.