காயில் கருகிய வாசம்

எங்கள் பக்கம் மோட்டார் காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், கருகிய வாசத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது லோ வோல்டேஜ் வந்து வார்னிஷ் வெந்தால், வரப்பில் நிற்கிற பெரியவர் மூக்கை உறிஞ்சிவிட்டு "காயில் போச்சு" என்பார். கோவை கணபதியில் இருபத்திரண்டு வருஷமாக வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த வாசம் என் சட்டையிலேயே இருக்கும்.

போன மாதம் அக்கா வீட்டு மாடி அறைக்குள் நுழைந்தபோது அதே குடும்பத்து வாசம் ஒன்று அடித்தது. மேலே மாம்பழ எசென்ஸ் மாதிரி ஒரு இனிப்பு, அடியில் தீய்ந்த பஞ்சு. "ஏதோ சென்ட்டு போல தம்பி" என்றார் அக்கா. அக்கா பையனுக்கு இருபது வயது, கல்லூரியில் மூன்றாம் வருஷம். அக்கா கீழே இறங்கியதும் அவனிடம் கேட்டேன். மறைக்கவில்லை. தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்துக் கையில் கொடுத்தான். பேனா மாதிரி நீளமாக, அடியில் திருகு வைத்த வேப், அதாவது மின்-சிகரெட்.

"சிகரெட் இல்லீங் மாமா. இதுல வோல்டேஜைக் குறைச்சு வெச்சுக்கலாம். கம்மியா வெச்சா ஒண்ணும் பண்ணாதுங்."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் கடைசி வாக்கியம்தான். இன்ஜினியரிங் படிக்கிற பையன், ஒரு திருகை நம்பி அப்படிச் சொல்கிறான். அவனைப் போல நம்புகிற பிள்ளைகள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று பயமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த வேலை காயிலும் வோல்டேஜும். அதை வைத்தே பேசுகிறேன்.

உள்ளே இருப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சின்ன சர்க்யூட், மேலே டேங்க், அதற்குள் மெல்லிய கம்பிச் சுருள், சுருளுக்கு நடுவில் பஞ்சுத் திரி. திரி டேங்கில் இருக்கும் ஜூஸை உறிஞ்சி வைத்திருக்கும். பட்டனை அமுக்கினால் சுருள் சூடாகி, ஜூஸ் ஆவியாகும். ஜூஸ் என்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, அதோடு நிக்கோட்டின். தேய்ப்புப் பெட்டிக்குள் இருக்கும் நைக்ரோம் கம்பிக்கும் இந்தச் சுருளுக்கும் அளவில்தான் வித்தியாசம்.

நம் ஊர்க்காரர்கள் ஏமாறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. மோட்டாரில் வோல்டேஜ் குறைந்தால் காயில் போகும். லோடைச் சுமக்க அது கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடாகும், வெந்துவிடும். அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். வேப் சுருள் வெறும் சூடாகும் கம்பி. இங்கே வோல்டேஜ் கூடினால்தான் கருகும். அதுவும் சூடு நேர்விகிதத்தில் ஏறாது, வோல்டேஜின் வர்க்கமாக ஏறும். ஓம் என்பது கம்பி கரண்டைத் தடுக்கும் அளவு. 1.8 ஓம் சுருளுக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சுமார் 6 வாட். அதே சுருளுக்கு 4.8 வோல்ட் கொடுத்தால் சுமார் 12.8 வாட். திருகு பாதிச் சுற்றுகூடச் சுற்றியிருக்காது, சூடு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். சுருளின் ஓம் குறைந்தாலும் இதே கதை. ஆக, திருகில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. சுருள் எத்தனை ஓம் என்பதும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

"சரி மாப்ளே, பட்டறைக்கு வா, அளந்து பார்க்கலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

சுருளின் அடியில் 1.8 என்று பொறித்திருந்தது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தேன், 0.3 காட்டியது. அது மீட்டர் வயரின் சொந்த ஓம். பிறகு சுருளில் வைத்தேன், 1.6 காட்டியது. கழித்தால் 1.3. பொறித்திருப்பது பொய். அடுத்து, சுருளை மாட்டியபடியே, பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வோல்டேஜைப் பார்த்தோம். திருகு 3.3-இல் இருந்தது, மீட்டர் 3.8 காட்டியது. திருகத் திருக ஏறி, 4.3-க்கு மேல் திருகு மட்டும் சுற்றியது, மீட்டர் நகரவே இல்லை. நான் எதுவும் சொல்லாமல் ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினேன். கணக்குப் போட்டான். அவன் 6 வாட் என்று நம்பி இழுத்துக்கொண்டிருந்தது உண்மையில் 11 வாட். கம்மி என்று வைத்ததே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு டேங்கைத் திறந்தேன். திரியின் நடுவில் கடுகளவு கறுப்பு. சுருள் ஆவியாக்கும் வேகத்துக்குத் திரியால் ஜூஸ் கொண்டுவர முடியாதபோது பஞ்சே தீயும். அக்கா வீட்டில் எனக்கு அடித்த வாசம் அதுதான். திரி காய்ந்து சூடு எகிறினால் ஜூஸில் இருக்கிற கிளைக்காலும் கிளிசரினும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உண்டாகும். 2015-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட வோல்டேஜ் மாற்றும் கருவி ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். 3.3 வோல்ட்டில் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டன. அந்தச் சுருளை 5 வோல்ட்டில் வைத்தால் தீய்ந்த ருசியில் எந்த மனிதனும் இழுக்க மாட்டான் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். நியாயமான மறுப்பு. ஆனால் மாம்பழ எசென்ஸைத் தூக்கலாக ஊற்றிய ஜூஸில், இருபது வயதுப் பையன் தீய்ந்த ருசியைக் கண்டுபிடித்துத் தூக்கி வைப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அவன் அறையிலேயே மூக்கால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்று அர்த்தம்.

என் சித்தப்பா மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறான். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் தொடங்கிய சிகரெட், பதினெட்டு வருஷம் விடவில்லை. அங்கே போனபின் விலை குறைந்த இதே மாதிரித் திருகு வைத்த பேனா ஒன்றால்தான் விட்டான். போன வருஷம் அவன் வீட்டில் இருந்தபோது அவன் அதைக் கையாண்ட விதத்தைப் பார்த்தேன். புதுச் சுருள் போட்டால் முதலில் பஞ்சில் நாலு சொட்டு விடுவான். டேங்கை நிரப்பிப் பத்து நிமிஷம் நிற்க வைப்பான். திருகு எப்போதும் அடிமட்டத்தில் தொடங்கும், ஏற்றினாலும் ஒரு நூல்தான் ஏற்றுவான். ருசி கொஞ்சம் மாறினால் அன்றைக்கே சுருள் குப்பைக்கு. பேட்டரியைக் கண் முன்னாலேயே சார்ஜ் போட்டு, நிறைந்ததும் எடுத்துவிடுவான். படுக்கும்போது சார்ஜில் விட மாட்டான். ஜூஸில் நிக்கோட்டினை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வந்தான். அவன் கருவியும் மலிவுதான். ஆனால் அங்கே ஒரு மில்லி ஜூஸில் 20 மில்லிகிராம் நிக்கோட்டினுக்கு மேல் இருக்கக் கூடாது, டேங்க் 2 மில்லிக்கு மேல் கூடாது, பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சிகரெட் குடிப்பவர் விடுவதற்கு இது உதவும் என்று அங்கத்து அரசு மருத்துவத் துறையே சொல்கிறது, குடிக்காதவர் தொடவே வேண்டாம் என்பதையும் சேர்த்து. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

அக்கா பையனின் ஜூஸ் பாட்டிலில் 50 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. அங்கத்து உச்ச வரம்பைப் போல இரண்டரை மடங்கு. தயாரித்தது யார், எந்த ஊர், எந்தத் தேதி, ஒன்றும் இல்லை. சுருளில் எழுதியிருப்பதே பொய் என்று அளந்து பார்த்தபிறகு, பாட்டிலில் எழுதியிருப்பதை எப்படி நம்புவது? அந்த 50-உம் 50 தானா? 2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு நுரையீரல் பாதித்து, 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் மட்டும் 68 பேர். காரணம் பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்து கள்ளத்தனமாக விற்கப்பட்ட ஜூஸ், அதில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். நிக்கோட்டின் ஜூஸும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எவன் எதைக் கலந்தான் என்று தெரியாத ஒன்றை நெஞ்சுக்குள் இழுத்தால் என்ன நடக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே இது தடை செய்யப்பட்ட பொருள் என்பதே பல பெற்றோருக்குத் தெரியவில்லை. தமிழ்நாடு 2018-இலேயே தடை போட்டது. 2019-இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்தது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, கொண்டுபோவது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்று வருஷம், ஐந்து லட்சம் வரை. சரக்கு வைத்திருந்தாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டாளிகளுக்கு நாலு வாங்கிக் கொடுக்கிற பையன் தன்னை வியாபாரி என்று நினைப்பதில்லை. சட்டம் அவனை எப்படிப் பார்க்கும் என்பதை வீட்டில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

தடை இருந்தும் 1,200 ரூபாய்க்குக் கல்லூரி வாசலில் கைக்கு வந்துவிட்டது. அதனால் எது நல்ல மாடல், எத்தனை ஓம் வாங்கலாம் என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். ரசீது இல்லாமல் பாக்கெட்டிலிருந்து பாக்கெட்டுக்கு மாறுகிற பொருளில் நல்ல மாடல் என்று ஒன்று கிடையாது. இரண்டாயிரம் ரூபாய் மோட்டாருக்கே பில், வாரண்டி, ஐஎஸ்ஐ முத்திரை கேட்கிற ஊர் நம்முடையது. நுரையீரலுக்கு அதைவிடக் கம்மியாகவா கேட்பது?

என்னை ரொம்பவும் உறுத்துவது வேறு. சித்தப்பா மகன் பதினெட்டு வருஷச் சிகரெட்டிலிருந்து கீழே இறங்க அதைப் பிடித்தான். அக்கா பையன் வாழ்நாளில் ஒரு பீடிகூட இழுத்ததில்லை. அவன் தரையில் நின்றவன், நேராக நிக்கோட்டினுக்கு ஏறியிருக்கிறான். வாசனைக்காகத்தான் இழுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, காலையில் எழுந்ததும் கை தலையணைக்கு அடியில் போகிறது.

பீடி, சிகரெட் விடத்தான் இதைத் தேடுகிறேன் என்கிற அண்ணன்மார்களுக்கு: நிக்கோட்டின் சூயிங்கம் நம் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது, கவரில் தயாரித்தவன் பெயரோடு. உங்களுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புகையிலை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. வெட்கப்படாமல் கூப்பிடுங்கள்.

அக்காவிடம் பையனே சொன்னான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. "எத்தன நாளா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அவன் "எட்டு மாசமுங்மா" என்றபோது அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. மறுநாள் மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். முதல் வாரம் அவனுக்குத் தூக்கமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு போன் வரும். "மாமா, கை நடுங்குதுங்" என்பான். வெந்நீர் குடி, மாடியில் நட, போனை வைக்காதே என்பேன். இப்போது மூன்றாவது வாரம். நேற்று சாயங்காலம் பட்டறைக்கு வந்து, பிரித்துப் போட்டிருந்த அந்தப் பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் சுற்றினான். வீட்டுக் குப்பையோடு போட்டால் வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறோம். காயில் மட்டும் மேஜை டிராயரில் இருக்கிறது. வேறு வீட்டுப் பிள்ளைகள் யாருக்காவது அளந்து காட்ட வேண்டுமென்றால் கூட்டி வாருங்கள், ஞாயிறு பத்து மணிக்கு மேல் பட்டறையில்தான் இருப்பேன்.