அது தியாகம் இல்லைங்க

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிற அந்த வாழ்த்து அட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி முத்தம்மா படம், அதன் கீழே 'நாட்டுக்காகத் திருமணத்தையே தியாகம் செய்த தூதர்'. 'இது தியாகம் இல்லை' என்று அங்கே நான் கமெண்ட் போட்டேன், அதற்குப் பதில்களும் வந்தன. ராத்திரி தூக்கமே வரவில்லை. மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன்.

அது தியாகம் இல்லை. தானாக மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் தியாகம். சி.பி. முத்தம்மா 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தபோது, 'கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன்' என்று அவரிடம் எழுதி வாங்கினார்கள். அவர் கடைசிவரை மணம் முடிக்காமல் இருந்ததற்கு என்ன காரணம் என்பது அவர் சொந்த விஷயம். அதைத் தோண்ட நமக்கு உரிமை இல்லை. ஆனால் எழுதி வாங்கிய ஒன்றைத் தியாகம் என்று சொல்லாதீர்கள்.

குடகில், விராஜ்பேட்டையில் பிறந்தவர். ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். நான்கு பிள்ளைகளையும் அம்மாதான் படிக்க வைத்தார். சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, இந்திய வெளியுறவுப் பணிக்குள் நுழைந்த முதல் பெண் ஆனார். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்தவர்களே 'இது பெண்களுக்கு ஒத்துவராது' என்று அவர் மனசைக் கலைக்கப் பார்த்தார்கள்.

'அந்தக் காலம் அப்படிம்மா' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்தக் காலம் அண்ணா? அரசியல் சாசனம் 1950-லேயே வந்துவிட்டது. அரசு வேலையில் ஆண் பெண் பேதம் கூடாது என்று 16-வது பிரிவு சொல்கிறது. அதற்குப் பிறகு 1961-ல் உட்கார்ந்து வெளியுறவுப் பணிக்கு விதி எழுதினார்கள். பெண் அதிகாரி கல்யாணத்துக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம். விதி 8(2). காலம் முன்னால் போனபிறகு எழுதிய விதி இது.

'நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் அப்போதே தூதராக இருந்தாரே' என்று இன்னொருவர். இருந்தார். முத்தம்மா பணியில் சேர்ந்த அதே 1949-ல் அவர் வாஷிங்டனில் தூதர். பிள்ளை பெற்ற தாய். தேர்வெழுதாமல் நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு இடைஞ்சலாகாத குடும்பம், தேர்வெழுதி வந்தவருக்கு மட்டும் எப்படி இடைஞ்சலாகும்?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்கிறீர்கள். 23 வயதில் நான் முதல் வேலைக்குப் போனபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, 'ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணம் இல்லைன்னு எழுதிக் கொடும்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்றார். பேனாவையும் அவரே நீட்டினார். பக்கத்து நாற்காலியில் இருந்த பையனுக்குத் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. எழுதிக் கொடுத்தேன். வீட்டில் பணம் தேவைப்பட்டது. அதையும் யாராவது தியாகம் என்பீர்களா?

முத்தம்மா என்னை மாதிரி வாய்மூடி இருக்கவில்லை. 1970-ல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். பிறகு கானா. அத்தனைக்கும் பிறகு அரசு அவருக்குப் பதவி உயர்வை மறுத்தபோது, பணியில் இருந்துகொண்டே உச்ச நீதிமன்றம் ஏறினார். 'மனு தள்ளுபடிதானே ஆச்சு' என்று ஒரு வக்கீல் நண்பர் குத்திக்காட்டுகிறார். ஆமாம், தள்ளுபடிதான். எதனால்? வழக்கு நடக்கும்போதே அவசரமாகப் பதவி உயர்வைக் கொடுத்துவிட்டார்கள். திருமணமான பெண்ணுக்குப் பணி நியமனம் உரிமையல்ல என்ற இன்னொரு விதியை 1973-லேயே நீக்கிவிட்டோம், 8(2)-ஐயும் நீக்கப்போகிறோம் என்று அரசே சொன்னது. 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பைப் படியுங்கள். குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்குக் குறுக்கே வரும் என்றால் ஆணுக்கும் வரலாமே என்று கேட்டிருக்கிறார். முத்தம்மாவின் பணிமூப்பை மறுபடி பரிசீலிக்கச் சொன்னார். முத்தம்மா நெதர்லாந்தில் தூதராக இருந்து, 1982-ல் ஓய்வு பெற்றார்.

சில வருடத்துக்கு ஒரு நாடு மாறுவது குடும்பத்துக்குக் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கஷ்டம் ஆண் அதிகாரிகளுக்கும் இருந்தது. பெட்டி கட்டினது அவர்கள் மனைவிமார். அவர்களைப் பற்றி ஒரு அட்டை போடுங்களேன், நானே பகிர்கிறேன்.

'நல்லதைத்தானே போட்டிருக்கோம், இதிலும் குறையா' என்று கேட்ட தம்பிக்கு: உன் மேல் கோபமில்லைப்பா. ஆனால் தியாகம் என்று நீ எழுதினதும், தாளை நீட்டினவர்கள் எல்லாரும் படத்திலிருந்து காணாமல் போய்விட்டார்கள். அந்த ஒரு வரியை மட்டும் மாற்று. 'வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி, அரசை நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டவர்' என்று போடு.